டிராக்டர் பேக்ஹோ வால்வில் ஆயில் ஒழுகல்: எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் மண் தோண்டும் வண்டி எதுவானாலும் அதற்கு ஜேசிபி என்றுதான் பெயர். இங்கே சொல்வது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, பி.டி.ஓ. (டிராக்டர் என்ஜின் சுழற்றும் பின்பக்கத் தண்டு) பம்ப்பில் ஓடும் பேக்ஹோ என்ற தோண்டும் கையைப் பற்றி. ஏரியில் வண்டல் எடுப்பது, தென்னைக்குக் குழி, பைப் லைனுக்குப் பள்ளம் என்று கோடை முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகிற வண்டி. தனி பேக்ஹோ லோடர் வைத்திருப்பவர்களுக்கும் வால்வைப் பொறுத்தவரை அடிப்படை ஒன்றுதான்.

லீவர்கள் இருக்கும் கன்ட்ரோல் வால்வில் ஒழுகினால் சீல் கிட் வாங்கி மாற்றுகிறார்கள். இருபதாம் நாள் மறுபடி ஒழுகினால் டூப்ளிகேட் சீல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பல நேரம் சீல் மேல் தப்பே இருக்காது. ஸ்பூல் என்பது லீவரை ஆட்டும்போது வால்வுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து ஆயிலைத் திருப்பிவிடும் இரும்புத் தண்டு. அதன் முனையில் இருக்கும் சீல் பம்ப் பிரஷரைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. சாதாரண கன்ட்ரோல் வால்வில் ஸ்பூலின் இரண்டு முனையும் டேங்குக்குத் திரும்பும் ஆயில் ஓடும் பக்கத்தில் இருக்கும். பக்கெட் மண்ணைக் குடையும்போது வேலை செய்யும் பக்கம் 150 முதல் 200 பார் (பிரஷரின் அளவு) வரை ஏறலாம். ஆனால் ஸ்பூல் முனையில் இருப்பது சில பார் மட்டுமே. அந்தப் பக்கம் பிரஷர் ஏறிவிட்டால் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது. அதனால் சீலை மாற்றும் முன் அதைக் கெடுத்தது எது என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

ஸ்பேனர் எடுக்கும் முன்

பூமையும் (தூக்கும் பெரிய கை) பக்கெட்டையும் தரையில் படுக்க வைக்கவும். ஸ்டெபிலைசர் (பக்கத் தாங்கு கால்) இரண்டும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லீவரையும் இரண்டு பக்கமும் நாலைந்து தடவை ஆட்டினால் ஓஸில் தங்கிய பிரஷர் இறங்கும். டேங்க் மூடியை மெல்லத் திருகிக் காற்றை விடவும். பூம் தூக்கிய நிலையில் நட்டு ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது.

ஒழுகும் இடத்தை விரலால் தடவித் தேட வேண்டாம். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வேலையைத் தொடராமல், நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய் 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது' என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். தேடுவதற்கு நீளமான அட்டைத் துண்டு போதும்.

அடுத்தது கழுவுவது. ஆயிலும் கல்குவாரித் தூசியும் சேர்ந்து வால்வு முழுக்க அப்பியிருக்கும்போது எங்கே ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பனியன் துணியால் உலரத் துடைக்கவும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை லீவர் முனைக்கு நேராகப் பிடித்தால் தண்ணீரும் மணலும் சீலுக்குள் போகும். துடைத்து உலர்ந்த பிறகு வால்வு மேல் முகப் பவுடரைத் தூவி, என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, லீவர்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தவும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். கீழே சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. மேலே ஓஸ் அடாப்டரில் கசிந்து வழிவதையே வால்வு ஒழுகல் என்று எண்ணி முழு வால்வையும் பிரித்தவர்கள் உண்டு.

ஒரே ஒரு ஸ்பூலில், லீவர் பக்கம் ஒழுகுகிறது

மற்ற ஸ்பூல் எல்லாம் உலர்ந்திருந்து ஒன்றில் மட்டும் கசிந்தால் கோளாறு அந்த சீலில் அல்லது அந்த ஸ்பூலின் முனையில். அதிகம் ஆட்டப்படும் பூம், பக்கெட் லீவர்களில்தான் இது முதலில் வரும். முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து எத்தனை மாதம் ஆனது என்று பாருங்கள். பூட் போனதும் பாலாற்று மணலும் கருங்கல் தூசியும் ஆயில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீலைத் தேய்க்கும் வேலையைச் செய்யும். அரைக்காசு பூட்டை மாற்றாமல் விட்டதற்கு இங்கேதான் வட்டி கட்டுகிறோம்.

பல வால்வுகளில் வால்வை வண்டியிலிருந்து கழற்றாமலே சீல் மாற்றலாம். லீவர் பின்னைத் தட்டி எடுத்து, ஸ்பூல் முனையை விடுவிக்கவும். சீலைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஆலன் போல்ட்டைக் கழற்றினால் தூசியை வழிக்கும் வைப்பரும், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் தெரியும். ஓ-ரிங்கை ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்தால் காடியில் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த ஒழுகல். முனை மழுங்கிய பித்தளைக் கம்பி அல்லது மூங்கில் குச்சி நல்லது.

சில வால்வுகளில் ஸ்பூலை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அதற்கு எதிர்ப்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கோடு சேர்த்து அந்தப் பக்கமாக மெல்லத் திருகியபடி நேராக இழுக்கவும். நடுவில் இறுகினால் சுத்தியலை நினைக்கக் கூடாது. கொஞ்சம் உள்ளே தள்ளி, திருப்பி, மறுபடி இழுத்தால் வரும். ஸ்பூலுக்கும் ஓட்டைக்கும் இடைவெளி தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு ஸ்பூலும் அதன் ஓட்டைக்கென்றே இழைத்தது. பூம் ஸ்பூலை ஸ்விங் ஓட்டையில் போட்டால் ஒன்று சிக்கும், இல்லை உள்ளுக்குள் ஒழுகும். எடுத்ததும் செக்‌ஷன் (ஒவ்வொரு லீவருக்கும் உரிய வால்வுப் பகுதி) எண் எழுதிய சீட்டோடு சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். சிமென்ட் தரையில் ஒரு முறை உருண்டால் அதன் கதை முடிந்தது.

இப்போது ஸ்பூல் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும். சீல் உரசும் இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் எங்கேயாவது தட்டுகிறதா? மழைக்காலத்தில் வண்டி வெட்டவெளியில் நின்றிருந்தால் துருப்புள்ளி இருக்கும். லேசான துரு என்றால் 1500 அல்லது 2000 நம்பர் தண்ணீர் எமரியை ஆயிலில் நனைத்து, ஸ்பூலைச் சுற்றித் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் அல்ல. வெளியே தெரியும் முனையை மட்டுமே தொடலாம். உள்ளே போகும் பகுதியின் கூர்விளிம்பில் எமரி பட்டால் வால்வே போயிற்று. நகம் தட்டும் அளவு பள்ளம் இருந்தால் எந்த சீலும் நிற்காது, அந்த செக்‌ஷனையே மாற்ற வேண்டும்.

பழைய சீலைத் தூக்கி எறியாதீர்கள்

கழற்றிய ஓ-ரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

கடினமாகி, ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா? சூடு. இந்த சீல்கள் செய்யும் நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. ஆயில் டேங்கில் 80 டிகிரியைத் தாண்டினாலே ஆயிலும் சீலும் சீக்கிரம் கிழடு தட்டும். மே மாதத்தில் வேலூர் வெயிலே 40 டிகிரிக்கு மேல் போகிறது. அதில் டேங்க் ஆயில் குறைவாகவும், ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரை டேங்குக்குத் திறந்துவிடுவது) அடிக்கடி திறந்துகொண்டும் இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு டேங்கைத் தொட முடியாது.

ஊதிப்போய், மெத்தென்று, காடிக்குள் திரும்ப உட்காராமல் இருந்தால் தப்பான திரவம். பிரேக் ஆயிலை டாப்-அப் செய்தது, பெட்ரோலில் சீலைக் கழுவியது போன்றவை. பிரேக் ஆயில் நைட்ரைலுக்கு விஷம். கழுவ டீசலைப் பயன்படுத்துவது இரும்புக்குச் சரி. ரப்பரை அதில் ஊறப்போடக் கூடாது.

ஓரம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தால் அதிகப் பிரஷர், அடுத்த பகுதியைக் கட்டாயம் படிக்கவும். சுற்றிச் சுற்றி முறுக்கு வெட்டு விழுந்திருந்தால் மாட்டும்போது முறுக்கிக்கொண்டது. ஒரே இடத்தில் கத்தியால் சீவிய மாதிரி இருந்தால் ஸ்பூல் விளிம்பில் அறுபட்டது. அது மாட்டியவர் கைக்குறை.

எல்லா ஸ்பூலிலும் ஒழுகல், அல்லது புது சீலே பிதுங்கி வெளியே வருகிறது

இதற்கு சீல் கிட் மருந்தல்ல. டேங்குக்குத் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. ரிட்டர்ன் லைனில் (டேங்குக்கு ஆயில் திரும்பும் ஓஸ்) குயிக் கப்ளிங், அதாவது தள்ளி மாட்டும் இணைப்பு, இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். வண்டியைக் கழற்றி மாட்டும்போது முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் குண்டு வழியை மூடிவிடும். பம்ப் தள்ளும் ஆயிலுக்குப் போக இடமில்லை. பலவீனமான இடம் ஸ்பூல் சீல்தான். ஒரே நிமிடத்தில் ஐந்தாறு சீலும் பிதுங்கிவிடும். ரிட்டர்ன் லைனில் குயிக் கப்ளிங்கே வேண்டாம், திருகு நட்டு போடுங்கள் என்பதே நம் கருத்து.

2. ரிட்டர்ன் ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் அதுவே பதில்.

3. ரிட்டர்ன் ஓஸ் டிராக்டர் லிங்கில் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா. பழைய ஓஸின் உள் ரப்பர் உரிந்து கதவு போல மூடிக்கொள்வதும் உண்டு. வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

4. பிரஷர் லைனும் ரிட்டர்ன் லைனும் மாறி மாட்டப்பட்டதா.

5. முன்னால் லோடர், பின்னால் பேக்ஹோ, இரண்டுக்கும் ஒரே பம்ப். முதல் வால்வின் டேங்க் போர்ட்டிலிருந்தே (டேங்குக்கு ஆயில் போகும் வாய்) இரண்டாவது வால்வுக்கு லைன் எடுத்திருந்தால், பேக்ஹோ வேலை செய்யும்போதெல்லாம் லோடர் வால்வின் ரிட்டர்ன் பக்கம் முழுப் பிரஷர் ஏறும். பள்ளம் தோண்டுவது பின்னால், ஒழுகுவது முன்னால் என்று ஆபரேட்டர் குழம்புவது இதனால்தான். முதல் வால்வில் பவர் பியாண்ட் ஸ்லீவ் (பம்ப் ஆயிலை ரிட்டர்ன் பக்கம் கலக்காமல் அடுத்த வால்வுக்குக் கடத்தும் குழல்) போட்டு, அதிலிருந்து இரண்டாவதுக்கு லைன் கொடுத்து, டேங்க் போர்ட்டைத் தனியாக டேங்குக்கு விட வேண்டும்.

சந்தேகம் தீர 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு டேங்க் போர்ட்டில் 0 முதல் 25 பார் வரை காட்டும் கேஜ் மாட்டவும். ஆயில் சூடானதும், வேலை செய்யும் ஆர்.பி.எம்.மில் லீவர்களைப் போட்டுப் பாருங்கள். நாலைந்து பாருக்குள் நின்றால் கவலையில்லை. 10 பாரைத் தாண்டினால் வழியைத் திறக்காமல் புது சீல் போட வேண்டாம்.

எதிர்ப்பக்க மூடியில் ஈரம், லீவர் ஒரு பக்கம் முழுதாகப் போகவில்லை

ஸ்பிரிங் இருக்கும் பக்கம் சீல் போனால் ஆயில் உடனே வெளியே தெரியாது. முதலில் மூடிக்குள் நிரம்பும். நிரம்பியதும் ஸ்பூல் அந்தப் பக்கம் நகர இடமில்லாமல் லீவர் பாதியில் முட்டி நிற்கும். லிங்கேஜ் வளைந்துவிட்டது என்று வெல்டிங் கடைக்குப் போகும் முன் மூடியின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்; ஆயில் கொட்டி லீவர் இலகுவானால் சீல்தான்.

மூடியைக் கழற்றியதும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கவும். அது பூட்டும் பசையோடு போட்டது. கழற்ற வேண்டுமானால் போல்ட் தலையை மட்டும் மெல்லச் சூடாக்கவும். திரும்ப மாட்டும்போது பழைய பசையைச் சுரண்டிப் புதிதாக ஒரு சொட்டு விட்டு மாட்டாவிட்டால் சில நாளில் தளர்ந்து, லீவரை விட்டாலும் நடுநிலைக்குத் திரும்பாது. பள்ளத்தில் ஆள் நிற்கும்போது பூம் தானாக ஓடுவது இப்படித்தான்.

இரண்டு செக்‌ஷன் நடுவில் கசிவு

தனித்தனி செக்‌ஷனை நீளப் போல்ட்டால் கோத்த வால்வில் மட்டும் வரும். ஒரே வார்ப்பாக இருக்கும் மோனோபிளாக்கில் நடு இணைப்பே கிடையாது. இங்கே முழுப் பிரஷர் படும், அதனால் பவுடரில் ஈரக்கோடு வேகமாக வரும்.

எல்லோரும் செய்யும் முதல் தப்பு, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது. கசிவு சில நாள் குறையும். ஆனால் செக்‌ஷன் உடல் நெளிந்து ஸ்பூல் பிடித்துக்கொள்ளும். வால்வை இறக்கிப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஓஸைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் பெயின்ட்டில் எண் போட்டு, மொபைலில் படம் எடுத்து, ஓஸ் வாயையும் போர்ட்டையும் பிளாஸ்டிக் மூடியால் அடைக்கவும். பஞ்சு வேஸ்ட் அடைக்க வேண்டாம், நூல் உள்ளே போய் ரிலீஃப் வால்வில் சிக்கும். செக்‌ஷன்களின் மேல் சாய்வாக ஒரே கோடு இழுத்துவிட்டால் வரிசை மாறாது.

பிரித்த பிறகு முகங்களைத் தடித்த கண்ணாடித் தகட்டில் வைத்து ஆடுகிறதா பாருங்கள். புது ஓ-ரிங்குகளில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு வைத்தால் கோக்கும்போது விழாது. கோத்ததை அதே சமத் தகட்டில் படுக்க வைத்து, போல்ட்களை மாற்றி மாற்றி மூன்று தடவையாக இறுக்கவும்: முதலில் கை இறுக்கம், பிறகு பாதி, கடைசியில் மேனுவலில் போட்ட டார்க் (இறுக்க அளவு). டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒவ்வொரு தடவை இறுக்கியதும் எல்லா ஸ்பூலையும் கையால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சிக்கினால் தளர்த்தி, தகட்டில் உட்கார வைத்து மறுபடி.

ஓ-ரிங் வாங்கும்போது

கிட் கிடைக்காமல் பெட்டியிலிருந்து தனியாக எடுக்கும்போது, பழையதை வைத்து அளந்தால் ஏமாறுவோம். அது நீண்டோ தட்டையாகியோ இருக்கும். வெர்னியரில் காடியின் ஆழம், அகலம், ஸ்பூலின் விட்டம் மூன்றையும் அளந்து கொண்டு போகவும். இன்ச் அளவில் கனம் 1.78, 2.62, 3.53 மி.மீ.; மெட்ரிக்கில் 2, 2.5, 3 மி.மீ. 2.5 வேண்டிய இடத்தில் 2.62 கையால் உட்காரும், ஆனால் ஸ்பூல் இறுக்கமாகி லீவர் கனக்கும். 2.62 வேண்டிய இடத்தில் 2.5 போட்டால் ஆயில் சூடேறியதும் கசியும். ஸ்பூலுக்கு 70 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் காட்டும் எண்) நைட்ரைல் போதும். முழுப் பிரஷர் படும் அசையாத இடங்களில் 90 ஷோரும், பழையதில் இருந்திருந்தால் ஓ-ரிங் பிதுங்காமல் தாங்கும் வெள்ளை டெஃப்லான் பேக்-அப் ரிங்கும் போட வேண்டும். சூடு தொல்லை தீராத வண்டியில் 'விட்டான்' (Viton) என்ற சூடு தாங்கும் ரப்பர் போடலாம், விலை கூட. ஆனால் சூட்டின் காரணத்தை விட்டுவிட்டு விட்டான் போடுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது.

மாட்டும்போது ஸ்பூலின் பின் ஓட்டை மேலும் விளிம்பு மேலும் மெல்லிய டேப் சுற்றி, அதே ஹைட்ராலிக் ஆயிலைத் தடவி, சீலை அதன் மேல் வழுக்கி உள்ளே கொண்டுபோய், பிறகு டேப்பை எடுக்கவும்.

வெளியே சொட்டே இல்லை, ஆனால் பூம் தானாக இறங்குகிறது

ஸ்பூல் சீல் கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிட்டில் உள்ள ரப்பர் வெளிக்கசிவை மட்டும் நிறுத்தும். உள்ளே ஆயிலைத் தடுப்பது இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள பொருத்தம். புது வால்விலும் சிறிது இறங்கத்தான் செய்யும். ஆயில் சூடாக இருக்கும்போது சிலிண்டர் ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, பத்து நிமிடத்தில் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அதே அளவா கூடியதா என்பதுதான் கேள்வி.

ராட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்கவும். சுமை ராடை உள்ளே தள்ளி, அது நிறைய இறங்குகிறது என்றால் சந்தேகம் வால்வு மேல் விழும்: ஸ்பூல் தேய்மானம் அல்லது போர்ட் ரிலீஃப் (அந்த சிலிண்டர் லைனுக்கென்று வால்வில் இருக்கும் ரிலீஃப்). சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் மட்டும் போயிருந்தால், இரண்டு போர்ட்டும் மூடியிருக்கும்போது உள்ளே வரும் ராடின் கன அளவுக்கு ஆயில் வெளியேற வழியில்லை, அதனால் பெரிதாக இறங்காது. சுமை ராடை வெளியே இழுக்கிற சிலிண்டரில் பிஸ்டன் சீலும் சமமான சந்தேகத்துக்கு உரியது.

பிஸ்டன் சீலை உறுதி செய்ய, சிலிண்டரை முழுதாக நீட்டி, பூமைத் தரையில் தாங்க வைத்து, பிரஷரை இறக்கி, ராட் பக்க ஓஸைக் கழற்றி அந்த ஓஸ் வாயை இரும்பு பிளக்கால் அடைக்கவும். என்ஜினை ஐட்லிங்கில் ஓட்டி, நீட்டும் பக்கம் லீவரைப் பிடித்தால் சிலிண்டரின் திறந்த போர்ட்டில் ஆயில் தொடர்ந்து வரக் கூடாது. வந்தால் பிஸ்டன் சீல். வராவிட்டால் போர்ட் ரிலீஃபைக் கழற்றி, அதே அளவு அமைத்த வேறு செக்‌ஷனின் ரிலீஃபோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு கூடவே போனால் ரிலீஃப், போகாவிட்டால் ஸ்பூல்.

லீவர் போட்டதும் பூம் ஒரு இன்ச் இறங்கி, பிறகு ஏறுகிறது

கோளாறு லோட் செக்கில், அதாவது தூக்கிய சுமை ஆயிலைத் திரும்பத் தள்ளாமல் தடுக்கும் அடைப்பானில். வால்வு மேல் உள்ள பிளக்கைத் திறந்தால் சின்ன பாப்பெட்டும் (வழியை மூடும் இரும்புக் குமிழ்) ஸ்பிரிங்கும் இருக்கும். பாப்பெட்டின் முகத்தில் மணல் ஒட்டியோ ஸ்பிரிங் உடைந்தோ இருக்கும். சுத்தம் செய்து, பிளக் ஓ-ரிங்கை மாற்றிப் போடவும்.

எல்லாம் மாட்டிய பிறகு

ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்தது, மாற்றியே ஆக வேண்டும். மேனுவல் சொன்ன கிரேடு போடவும். நம் வெயிலுக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்). ஐட்லிங்கில், சுமையில்லாமல், ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு தடவை முழுதாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றவும். டேங்க் லெவலைத் திரும்பப் பார்க்கவும்.

வால்வைத் துடைத்துப் பவுடர் தூவி அரை மணி நேரம் வேலை கொடுங்கள். ஸ்பூல் முனையில் மெல்லிய ஆயில் பூச்சு தெரிவது இயல்பு; துளி சேர்ந்து விழக் கூடாது. எட்டுப் பத்து மணி நேர வேலைக்குப் பிறகு ஓஸ் அடாப்டர்களை மட்டும் ஒரு முறை சோதிக்கவும். நீளப் போல்ட்டைத் தொட வேண்டாம். புது பூட் மாட்டிவிட்டுத்தான் வண்டியை ஏரிக்கு அனுப்ப வேண்டும்.